பழைய சுவிட்சைப் பற்றிப் பக்கத்துச் சுவிட்சிடம் கேட்கலாம்: லிப்ரேஎன்எம்எஸ் உடன் மூன்று ஆண்டுகள்

புறக்கோட்டையில் நான் வேலை செய்யும் மொத்தத் துணி வியாபார நிலையத்தில், படிக்கட்டுக்குக் கீழே, கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் ஒரு 24 போர்ட் சுவிட்ச் 2005 ஆம் ஆண்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பாடநூலில் இதற்கு 'ஆளி' என்று பெயர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது சுவிட்ச்தான். வேகம் 100 மெகாபிட். பில் போடும் ஆறு கணினிகளும் இரண்டு பிரிண்டர்களும் அதில்தான் தொங்குகின்றன. விசிறி ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு கேபிள் மூன்றாம் மாடிக்கு ஏறி, 2024 இல் வாங்கிய 48 போர்ட் கிகாபிட் சுவிட்சில் போய் முடிகிறது. இரண்டு முனைகளுக்கும் இடையில் 19 வருட வயது வித்தியாசம்.

இந்த இரண்டையும், கொட்டாஞ்சேனைக் களஞ்சியசாலையிலும் வெள்ளவத்தைக் கிளையிலும் உள்ள மற்றவற்றையும் சேர்த்து மொத்தம் 43 கருவிகளை ஒரே திரையில் பார்ப்பதற்கு லிப்ரேஎன்எம்எஸ் என்ற மென்பொருளை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. எல்லாமே புதிதாக வாங்கி அடுக்கிய அலுவலகங்களுக்கு இதைவிட எளிதான வழிகள் இருக்கலாம். பழையதும் புதியதுமாகக் கலந்து வைத்திருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன். கொழும்பில் பெரும்பாலானோர் அந்த நிலையில்தான் இருக்கிறோம்.

அதற்கான காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2022 இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முந்தைய வருடம் நான் எழுதி வைத்திருந்த கொள்வனவுப் பட்டியல் ஒரே மாதத்தில் பயனற்றுப் போனது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பொருள் இருந்த இடத்தில் விலை எட்டவில்லை. விலை எட்டிய இடத்தில் பொருள் இல்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். "பிள்ளை, ஓடுகிற சாமான் எது, ஓடாத சாமான் எது என்று உன்னால் சொல்ல முடியுமா? ஓடாததை மட்டும் மாற்றுவோம்."

என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்த அண்ணர் ஒரு நீல அட்டைக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்: எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில், எந்தச் சுவிட்ச் எந்த வருடம் என்று. அழகான கையெழுத்து. ஆனால் 2016 உடன் அந்தக் கொப்பி நின்றுவிட்டது. 2022 ஆகஸ்டில்தான் லிப்ரேஎன்எம்எஸ் பக்கம் போனேன்.

இது இலவச மென்பொருள், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அப்சர்வியம் என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து 2013 இல் கிளையாகப் பிரிந்து, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களால் வளர்க்கப்படுகிறது. கணக்குப் பிரிவில் கழித்த ஒரு மேசைக் கணினியில் 8 ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு, உபுண்டு 22.04 ஏற்றி, அதன்மேல் இதை நிறுவினேன். லினக்ஸ் கட்டளைகளுக்குப் பழகியவருக்கு ஒரு முற்பகல் வேலை. ஏதாவது குறைந்தால் 'வேலிடேட்' என்ற கட்டளை எது குறைகிறது என்று சொல்லி, பல வேளைகளில் திருத்தும் வழியையும் எழுதிக் காட்டிவிடும். நிறுவுவதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வழிகாட்டி ஆவணங்கள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

இதன் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. வலையமைப்புக் கருவிகளிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதற்கு எஸ்என்எம்பி என்ற நெறிமுறை 1988 இல் வந்தது. 1996 இல் 2சி என்ற பதிப்பு. கடவுச்சொல்லையும் தரவையும் மறைகுறியாக்கும் மூன்றாம் பதிப்பு 2002 இல் முழுத் தரநிலை ஆனது. என்னிடம் உள்ள கருவிகளில் இந்த மூன்று தலைமுறைகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூன்றாம் பதிப்புக்கு மாற்று என்று சொல்லும் மென்பொருள் என் பாதிக் கருவிகளைக் கைவிட்டுவிடும். எல்லாவற்றையும் முதலாம் பதிப்புக்கு இறக்கினால் புதிய கருவிகளின் பாதுகாப்பை நானே கழற்றி எறிந்ததாகும். லிப்ரேஎன்எம்எஸ் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே பதிப்பைக் குறிக்க விடுகிறது. தாத்தாவிடம் தாத்தாவுக்குக் கேட்கும் குரலிலும் பேரனிடம் பேரனின் குரலிலும் பேசுகிறது. இந்த ஒரு குணத்துக்காகவே இதை முதலில் நம்பினேன்.

ஆனால் நம்பிக்கை முழுமையாக வருவதற்கு முன் ஒரு வரைபடம் என்னை மூன்று நாட்கள் அலைக்கழித்தது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கருவிகள் வைத்திருக்கும் எவருக்கும் இது நடக்கும்.

கொட்டாஞ்சேனைக் களஞ்சியசாலையில் பாதுகாப்புக் கமராக்கள் எல்லாம் ஒரு பழைய கிகாபிட் சுவிட்சில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கேபிள் வழியாக மாடியில் உள்ள பதிவுப் பெட்டிக்குப் போகின்றன. முதலில் எட்டுக் கமராக்கள். ஒவ்வொன்றும் 4 மெகாபிட். ஆகவே வரைபடத்தில் 32 மெகாபிட் தெரிந்தது. இடையிடையே, நான்கு புள்ளிகளுக்கு ஒருமுறை, கோடு அறுந்திருந்தது. அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிறகு ஒரு திருட்டு முயற்சிக்குப் பின் முதலாளி கமராக்களை 32 ஆக்கச் சொன்னார். பொருத்தி முடித்த அன்று மாலை வரைபடத்தைப் பார்த்தேன். 128 மெகாபிட் ஏறியிருக்க வேண்டும். கோடு 13 க்கு இறங்கியிருந்தது.

கமரா நான்கு மடங்காகிறது, போக்குவரத்து பாதிக்கும் கீழே போகிறது. என் உதவியாளரான தம்பி கேபிளைச் சந்தேகித்தார். மாற்றினோம். பதிவுப் பெட்டியில் படங்கள் தெளிவாகவே இருந்தன. எந்தப் படமும் தவறவில்லை. அப்படியானால் பொய் சொல்வது எது?

மூன்றாம் நாள் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டபோது விளங்கியது. அந்தச் சுவிட்ச் எஸ்என்எம்பி முதலாம் பதிப்பு மட்டுமே அறிந்தது. அந்தப் பதிப்பில் எண்ணிக்கை வைக்கும் கணிப்பான் 32 பிட். அதாவது 4,294,967,295 பைட் வரை எண்ணிவிட்டு மறுபடியும் பூச்சியத்துக்குப் போய்விடும், பழைய கார்களின் தூரமானி சுற்றி வருவதைப் போல. லிப்ரேஎன்எம்எஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வந்து கணிப்பானைப் பார்க்கிறது. 128 மெகாபிட் வேகத்தில் ஐந்து நிமிடத்தில் 480 கோடி பைட் ஓடுகிறது. கணிப்பான் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மேலும் ஐம்பது கோடி எண்ணியிருக்கும். பார்க்க வருபவருக்குத் தெரிவது அந்த ஐம்பது கோடி மட்டுமே. அதைத்தான் 13 மெகாபிட் என்று வரைந்தது. முன்பு கோடு அறுந்த இடங்கள் கணிப்பான் பூச்சியத்தைத் தாண்டிய தருணங்கள். எல்லை எங்கே என்றும் கணக்கிட்டுப் பார்த்தேன்: 114 மெகாபிட். அதற்கு மேல் ஓடும் எந்தப் போர்ட்டும் 32 பிட் கணிப்பானில் பொய்யாகவே தெரியும். முழுக் கிகாபிட் வேகத்தில் 34 செக்கனுக்கு ஒருமுறை சுற்றிவிடும்.

64 பிட் கணிப்பானைப் படிப்பதற்கு 2சி அல்லது மூன்றாம் பதிப்பு வேண்டும். அந்தச் சுவிட்சுக்கு அது தெரியாது, இனிக் கற்பிக்கவும் முடியாது. லிப்ரேஎன்எம்எஸ் இல் ஐந்து நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் அது எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டிய மாற்றம். பழைய சுவிட்சுகளின் சிறிய செயலிகள் அந்த விசாரிப்பைத் தாங்கா.

அப்போது தம்பி சொன்னார்: "அக்கா, இந்தக் கேபிளின் மற்ற முனை மாடியில் இருக்கும் புதுச் சுவிட்சில்தானே? அதனிடம் கேட்டால் என்ன?"

அவ்வளவுதான் தீர்வு. ஒரு கேபிளுக்கு இரண்டு முனைகள். கீழ் முனையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பைட்டும் மேல் முனையில் உள்ளே வருகிறது. மேல் முனையில் 64 பிட் கணிப்பான். அதன் வரைபடத்தைத் திறந்தோம். 128 மெகாபிட், நேர்கோடாக, ஓர் இடைவெளி இல்லாமல். அன்றிலிருந்து எங்கள் வலையமைப்பில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: பழையதும் புதியதும் சந்திக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் அளவீட்டைப் புதிய முனையிலிருந்தே எடுப்பது. பழைய முனையின் போர்ட்டை லிப்ரேஎன்எம்எஸ் இல் 'கவனிக்க வேண்டாம்' என்று குறித்து விடுகிறோம். பழைய சுவிட்ச் தன் வேலையைச் செய்யட்டும். சாட்சி சொல்லும் சுமையைப் பக்கத்தில் இருப்பது ஏற்கட்டும்.

இந்த விதி எதிர்பாராத இடங்களிலும் உதவியது. வெள்ளவத்தைக் கிளையில் மாலை நேரங்களில் பில் போடத் தாமதம் என்று கணக்காளர் அம்மா வாரக்கணக்காக முறையிட்டார். அங்கிருந்த பழைய சுவிட்சின் பக்கம் எல்லாம் சரி. 100 மெகாபிட், முழு இருவழி, அதாவது ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும். புதிய முனையின் பக்கத்தைப் பார்த்தால் அதே இணைப்பு 'அரை இருவழி' (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்), பிழை எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். எப்போதோ யாரோ பழைய சுவிட்சில் வேகத்தையும் இருவழி முறையையும் கையால் பூட்டி வைத்திருக்கிறார். ஒரு முனை பூட்டப்பட்டிருந்தால், தானாகப் பேசி முடிவெடுக்கும் மறுமுனையால் வேகத்தை மட்டுமே உணர முடியும். இருவழி முறையை உணர முடியாமல் பாதுகாப்பாக அரைக்கு இறங்கிவிடும். கூட்டமில்லாத நேரத்தில் இது வெளியே தெரியாது. கூட்டம் சேர்ந்ததும் மோதல் தொடங்கும். இரு முனைகளையும் தானியங்கி ஆக்கினோம், பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. வெள்ளவத்தையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கிளை கடலுக்கு அண்மையில் இருப்பதால் உப்புக் காற்றில் கேபிள் முனைகளின் செப்புத் தகடுகள் பச்சை பூக்கின்றன. அதுவும் இதே பிழை எண்ணிக்கையில்தான் முதலில் தெரிகிறது.

தலைமைக் கட்டடத்தில் கண்டுபிடித்தது இன்னும் பெரிய விடயம். சுவிட்சுகளுக்கு இடையில் தரவு முடிவின்றிச் சுற்றும் சுழற்சி ஏற்படாமல் காக்க ஸ்பானிங் ட்ரீ என்ற முறை இருக்கிறது. ரேடியா பெர்ல்மன் என்ற பொறியியலாளர் 1985 இல் வடிவமைத்தது. எல்லாச் சுவிட்சுகளும் சேர்ந்து தமக்குள் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும். முன்னுரிமை எண் சிறியதாக உள்ளது தலைவர். யாரும் எதுவும் மாற்றாவிட்டால் எல்லாவற்றுக்கும் அந்த எண் 32768. அப்போது மேக் முகவரி (தயாரிப்பின்போதே ஒவ்வொரு கருவிக்கும் இடப்படும் எண்) சிறியதாக உள்ளது வெல்லும். ஒரே நிறுவனம் பல வருடங்களாகத் தயாரித்தவற்றில், முன்பு தயாரானதற்கே பெரும்பாலும் சிறிய முகவரி வாய்க்கும். விளைவு? மூன்றாம் மாடியின் புதிய சுவிட்சில் லிப்ரேஎன்எம்எஸ் காட்டும் ஸ்பானிங் ட்ரீ பக்கத்தைத் திறந்தபோது, தலைவர் என்ற இடத்தில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் 2005 ஆம் வருடச் சுவிட்சின் முகவரி இருந்தது. கிகாபிட் வேகத்தில் நேராக ஓட வேண்டிய இரண்டு மாடிகளின் போக்குவரத்து, தலைவரைச் சுற்றிக்கொண்டு 100 மெகாபிட் பாதையில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பல வருடங்களாக. "மேல்மாடி நெட்வேர்க் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்" என்று எல்லோரும் பழகிவிட்டிருந்தார்கள். புதிய சுவிட்சின் முன்னுரிமையை 4096 ஆக்கினேன். ஒரே ஒரு வரி. புதிய உபகரணங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு இந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட நிறுவனங்கள் இந்த நகரத்தில் எத்தனை இருக்கும் என்று அன்று யோசித்தேன். வருத்தமாக இருந்தது.

லிப்ரேஎன்எம்எஸ் பார்க்கும் கருவி. கட்டளையிடும் கருவி அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சுவிட்சுகளின் அமைப்புக் கோப்புகளைத் தினமும் நகலெடுத்து வைப்பதற்கு ஒக்சிடைஸ்ட் என்ற தனி மென்பொருளை இதனுடன் இணைத்திருக்கிறேன். அதுவும் இலவசம். கருவிகளின் பட்டியலை லிப்ரேஎன்எம்எஸ் இடமிருந்தே பெற்றுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நுழைந்து, அமைப்பைப் படித்து, மாற்றம் இருந்தால் எந்த வரி மாறியது என்று காட்டும். என் வேலையில் எனக்கு மிகவும் நிம்மதி தருவது இதுதான்.

ஆனால் பழைய கருவிகளில் நுழைவதே ஒரு போராட்டம். அவை அறிந்த மறைகுறியாக்க முறைகள் இன்று பலவீனமானவை. தூரத்திலிருந்து கருவிகளில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள், 2015 இல் வந்த 7.0 பதிப்பில் மிகப் பழைய சாவிப் பரிமாற்ற முறையையும், 2021 இல் வந்த 8.8 பதிப்பில் பழைய ஆர்எஸ்ஏ கையொப்ப முறையையும் இயல்பு நிலையில் நிறுத்திவிட்டது. உபுண்டு 22.04 இல் இருந்து படிக்கட்டுச் சுவிட்சை அழைத்தால், இருவருக்கும் பொதுவான முறை எதுவும் இல்லை என்று சொல்லி இணைப்பு அறுந்துவிடும். பலர் இந்த இடத்தில் செய்யும் தவறு, பழைய முறைகளைக் கணினி முழுவதற்கும் திறந்து விடுவது. அப்படிச் செய்யாதீர்கள். கணினியில் உள்ள ஓப்பன்எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் அந்த ஒரு சுவிட்சின் முகவரிக்கு மட்டும் தனிப் பகுதி எழுதி, பழைய முறையை அதற்கு மட்டும் அனுமதியுங்கள். என்னிடம் அப்படி ஏழு முகவரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஏன் திறந்தேன், எந்தத் திகதியில் திறந்தேன் என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கருவி கழிக்கப்படும்போது அந்தப் பகுதியும் அழிக்கப்படும்.

இணைய உலாவி வழியாகப் பழைய கருவிகளைத் திறக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். 2020 இல் உலாவிகள் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க நெறிமுறையின் பழைய பதிப்புகளை ஒதுக்கின, அதே வருட முடிவில் ஃபிளாஷ் செருகுநிரலும் போனது. எனவே கட்டளை வரியே கதி, அதுவும் பாதுகாப்பான வேலிக்குள். எஸ்என்எம்பி 2சி யில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகிறது. டெல்நெட் என்ற பழைய நுழைவு முறை மட்டுமே தெரிந்த கருவியிலும் அப்படியே. ஆகவே பழைய கருவிகளின் நிர்வாக முகவரிகள் அனைத்தையும் தனி விலான் (அதே கேபிள்களில் பிரித்து வைத்த தனி வலையமைப்பு) ஒன்றுக்குள் ஒதுக்கி, லிப்ரேஎன்எம்எஸ் ஓடும் அந்த மேசைக் கணினி ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவற்றுடன் பேச முடியாதபடி செய்திருக்கிறேன். எஸ்என்எம்பி வழியாக எழுதும் அனுமதி எந்தக் கருவியிலும் இல்லை, படிக்க மட்டும். 'பப்ளிக்' என்ற இயல்பான கடவுச்சொல்லை எங்கும் விட்டுவைக்கவில்லை. இதைச் செய்ய மனமில்லாதவர்கள் பழைய கருவிகளை வைத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒக்சிடைஸ்ட் முதல் நாள் கொண்டுவந்த நகல்களைப் படித்தபோது ஒரு வரி என்னை நிறுத்தியது. படிக்கட்டுச் சுவிட்சில் நேர வலயம் உலக நேரத்துக்கு 6 மணித்தியாலம் முன்னால் என்று இருந்தது. எங்கள் நேரம் ஐந்தரை மணித்தியாலம் அல்லவா? பிறகுதான் நினைவு வந்தது. மின்சார நெருக்கடியின்போது 1996 இல் இலங்கையின் நேரம் முன்னே தள்ளப்பட்டது. முதலில் ஆறரை, அதே வருடம் ஆறு. 2006 ஏப்ரலில்தான் மறுபடியும் ஐந்தரைக்கு வந்தோம். சுவிட்ச் வாங்கியது 2005. அந்த அண்ணர் அன்றைய நேரத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வரியை யாரும் தொடவில்லை. பதினாறு வருடங்களாக அதன் பதிவேட்டில் ஒவ்வொரு சம்பவமும் உண்மையான நேரத்தைவிட அரை மணித்தியாலம் கூடிய நேரத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. 2019 இல் ஒரு பணப் பெட்டிக் குறைபாட்டை விசாரித்தபோது, கமரா நேரமும் சுவிட்ச் நேரமும் பொருந்தவில்லை என்று நாங்கள் அலைந்ததற்கும் இதுவே காரணம். இப்போது எல்லாக் கருவிகளின் பதிவுகளும் லிப்ரேஎன்எம்எஸ் கணினிக்கே அனுப்பப்படுகின்றன. அனுப்பியவரின் கடிகாரத்தை நம்பாமல், வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அடுக்குகிறேன்.

இனி எச்சரிக்கைகள். ஒரு கருவி நின்றால் டெலிகிராமில் செய்தி வரும்படி அமைத்திருக்கிறேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதாகப் பிறகு செய்தி வந்தது. தலைமைக் கட்டடத்தில் மின்பிறப்பாக்கி தானாக இயங்கியது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் யூபிஎஸ் பற்றரிகள் தீர்ந்ததும் என் தொலைபேசியில் 23 செய்திகள் வரிசையாக விழுந்தன. உண்மையில் நின்றது இரண்டு இடங்கள். அந்த வாரமே 'சார்பு' என்ற வசதியைப் படித்து அமைத்தேன். கிளையின் ரவுட்டரைப் பெற்றோராகவும் அதற்குப் பின்னால் உள்ளவற்றைப் பிள்ளைகளாகவும் குறித்துவிட்டால், பெற்றோர் நின்றால் ஒரு செய்தி மட்டுமே வரும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. நிறுவுபவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு செய்தி என்னை இரவில் எழுப்பியது. 2025 மே 26, இரவு எட்டரை மணியளவில் படிக்கட்டுச் சுவிட்ச் நின்று மறுபடியும் இயங்கியதாக எச்சரிக்கை. கடை பூட்டியிருந்தது. மின்சாரம் போகவில்லை. யாரோ உள்ளே இருக்கிறார்களோ என்று காவலாளியை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். விளக்குகள் வழக்கம்போல் மின்னுகின்றன என்றார். மறுநாள் 100 ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போது தொலைபேசியிலேயே கணக்குப் போட்டேன். அந்தச் சுவிட்சை நாங்கள் கடைசியாக நிறுத்தி இயக்கியது 2024 தைப்பொங்கல் விடுமுறையில், அலுமாரியை ஒழுங்கு செய்தபோது. எஸ்என்எம்பி இயங்கு நேரத்தைச் செக்கனின் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணுகிறது. அது நிரம்ப 497 நாட்கள். ஜனவரி 15 மாலையிலிருந்து எண்ணினால் சரியாக அந்த இரவு. சுவிட்ச் நிற்கவே இல்லை. எண் நிரம்பிப் பூச்சியத்துக்குப் போயிருக்கிறது. மூன்றாம் பதிப்பு தெரிந்த கருவிகளில் வேறொரு கடிகாரம் இருப்பதால் லிப்ரேஎன்எம்எஸ் அதைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடும். பழையவற்றில் அந்த வழி இல்லை. இந்த முறையும் பக்கத்துச் சுவிட்ச்தான் சாட்சி: மூன்றாம் மாடி முனையில் அந்த இணைப்பு அன்று இரவு ஒரு கணமும் அறுந்ததாகப் பதிவில்லை.

குறைகளையும் சொல்கிறேன். "இப்போது மெதுவாக இருக்கிறது" என்று ஒருவர் அழைத்தால், இதன் வரைபடம் ஐந்து நிமிடம் பின்னால் இருக்கும். அந்தக் கணத்தைப் பிடிக்க இது உதவாது. எச்சரிக்கை விதிகளை எழுதும் பகுதி புதியவருக்குக் கடினம். தம்பிக்குப் பிடிபட ஒரு மாதம் எடுத்தது. அயல் கருவிகளைக் கண்டு தானாக வரையும் வரைபடமும் முழுமையானதல்ல. சிஸ்கோ நிறுவனம் தன் கருவிகளுக்கென வைத்திருந்த, அயல் கருவியை அறியும் சிடிபி நெறிமுறை மட்டும் தெரிந்தவை ஒரு பக்கம், அதே வேலைக்கு 2005 இல் தரநிலையான எல்எல்டிபி தெரிந்தவை மறுபக்கம். ஒன்றின் மொழி மற்றதற்குத் தெரியாத இடத்தில் கோடு விடுபடுகிறது. அந்த இடங்களை நானே குறித்து வைக்க வேண்டியிருந்தது. மேசைக்கடியில் யாரோ செருகிய ஐந்து போர்ட் மலிவுப் பெட்டிகளை இதனால் நேரடியாகக் காண முடியாது. ஆனால் ஒரு போர்ட்டில் ஏழு மேக் முகவரிகள் தெரிந்தால் அங்கே ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். அப்படி நான்கைக் கண்டுபிடித்து இரண்டை அகற்றினோம்.

விசாரிப்பின் சுமையையும் கவனியுங்கள். ஒரு கருவியைக் கேட்டு முடிக்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று லிப்ரேஎன்எம்எஸ் தனியே காட்டும். பழைய சுவிட்ச் ஒன்றுக்கு 90 செக்கன் எடுத்தது. தேவையற்ற பகுதிகளை அந்தக் கருவிக்கு மட்டும் அணைத்து, பயன்படும் போர்ட்டுகளை மட்டும் கேட்கச் சொன்னதும் 14 ஆனது.

43 கருவிகளில் இந்த மூன்று ஆண்டுகளில் மாற்றியது ஒன்பது. ஐந்து, பிழை எண்ணிக்கையைப் பார்த்து. மூன்று, தனி விலானுக்குள்ளும் பாதுகாப்பாக வைக்க முடியாதவை. ஒன்று மின்னலில் போனது. மற்றவற்றை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று இப்போது முதலாளியிடம் ஆதாரத்துடன் சொல்ல முடிகிறது. அவரும் மாற்ற வேண்டியவற்றுக்குக் கேள்வி கேட்காமல் கையெழுத்திடுகிறார்.

படிக்கட்டுச் சுவிட்சுக்கு மாற்றாக, பாவித்த ஒன்றை யுனிட்டி பிளாசாவில் வாங்கி அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன். பழையதன் அமைப்பைப் புதியதற்கு விளங்கும் விதத்தில் எழுதி ஏற்றியாயிற்று. ஒக்சிடைஸ்ட் மாற்றம் காட்டும் ஒவ்வொரு முறையும் அதையும் திருத்துகிறோம். கடந்த தீபாவளி விடுமுறையில் கடை பூட்டியிருந்தபோது ஒத்திகை பார்த்தோம். தம்பி கேபிள்களைக் கழற்றினார், நான் போர்ட் எண்களை வாசித்தேன். கழற்றத் தொடங்கியதிலிருந்து பில் அச்சாகும் வரை 22 நிமிடம். பிறகு பழையதைத் திரும்ப மாட்டிவிட்டு, நேர வலயம் ஐந்தரையில் இருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.